லகோட்டாத் தலைவருக்குப் படத்திறப்பு

என் மனைவியின் அண்ணன் மீது இருந்த வெறுப்பினால்தான், அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு முன் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு லகோட்டாத் தலைவரின் வாழ்க்கையை நான் படித்தேன். பிற்பாடு மேடைகளில் வேறு காரணங்கள் சொல்லியிருக்கிறேன். நிலம், உரிமை, மானம் என்றெல்லாம். அவை பொய்யில்லை. ஆனால் முதலில் வந்தது வெறுப்பு.

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத பெயர் அந்தத் தலைவருக்கு மட்டும் எதற்கு என்று அவருடையதையும் விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். அந்த வருடம் போனஸ் தகராறில் வேலைநிறுத்தம் வந்தது. பதினெட்டாவது நாள் காலையில் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எங்களை எழுப்ப, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேன் நிறையப் போலீசைக் கொண்டுவந்தார்கள். இறங்கியவர்களில் நான்காவது ஆள் என் மச்சான். அப்போது அவர் சாதாரண கான்ஸ்டபிள். என்னைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பக்கத்திலிருந்தவரிடம் "எங்க மச்சான் வந்திருக்காரு" என்று சொன்னது நினைவிருக்கிறது. கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

விசில் ஊதினார்கள். எல்லோரும் எழுந்து ஓடினோம். கேட்டுக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நான் திரும்பியபோது லத்தி இறங்கியது. இடது கை முழங்கைக்கு மேலே முறிந்தது. அடித்தவனின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவன் இடுப்பையும் பெல்ட்டையும் பார்த்தேன். அந்த பெல்ட்டின் கடைசி ஓட்டை ஆணியால் குத்திப் போட்ட ஓட்டை. என் கல்யாணத்துக்கு முந்தின நாள் மச்சான் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்த ஓட்டையைப் போட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அடித்தது தான் இல்லை என்று மச்சான் சாதித்தார். என் மனைவியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். "நான் வடக்குப் பக்கம் நின்னேன் தாயி. ஒம் புருசன் எந்தப் பக்கம் ஓடுனாருன்னே எனக்குத் தெரியாது" என்றார். அவள் அவரை நம்பினாள். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தவர் அவர். நம்பாமல் என்ன செய்வாள்? பெல்ட் ஓட்டையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

மாவுக்கட்டோடு இருந்தபோதே மில்லில் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வேலைநிறுத்தம் முடிந்து மற்றவர்களை எடுத்தபோதும் என்னை எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் நோட்டீசுக்கும் மெய்ப்புப் பார்க்கும் வேலை கிடைத்தது. நடுவில் இருந்த அந்த ஆறு மாதத்தில் பகல் முழுவதும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் போவேன். ராஜபாளையத்திலும் நூலகம் இருந்தது. அங்கே போனால் மில் ஆட்கள் வந்து கையைப் பற்றி விசாரிப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில்தான் அட்டை கிழிந்த அந்த ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. எனக்கு ஆங்கிலம் அகராதி வைத்துப் படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு படத்துக்குக் கீழே இருந்த வரியைத்தான் முதலில் படித்தேன். அவரைச் சுட்டவர்கள் அவருடைய சொந்த ஜனங்களிலிருந்து எடுக்கப்பட்ட போலீஸ்காரர்கள் என்று போட்டிருந்தது. அந்த வரியை நான்கைந்து தடவை படித்தேன். புத்தகத்தை என் பெயரில் பதிந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வட அமெரிக்காவின் சமவெளியில் காட்டெருமையைப் பின்தொடர்ந்து வாழ்ந்த மக்கள் லகோட்டாக்கள். அவர்களுக்கென்று ஒரு மலைப்பகுதியை அரசாங்கம் ஒப்பந்தம் போட்டு எழுதிக்கொடுத்தது. அங்கே தங்கம் இருப்பது தெரிந்ததும் அதே அரசாங்கம் மலையைத் திரும்பக் கேட்டது. மற்ற சிலர் கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தலைவர் போடவில்லை. அடக்க வந்த குதிரைப்படை ஒன்றை இவருடைய ஆட்களும் கூட்டாளிகளும் ஆற்றங்கரையில் வைத்துத் தளபதியோடு சேர்த்து அழித்தார்கள். அதற்குப் பிறகு நிற்க இடமில்லை. எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனார். நான்கு வருடம். காட்டெருமை குறைந்து, கூட வந்தவர்கள் பட்டினி கிடந்து, ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிப் போக, கடைசியில் இவரும் வந்து சரணடைந்தார். தன் துப்பாக்கியைத் தன் கையால் கொடுக்க மனமில்லாமல், சின்னஞ்சிறு மகன் கையில் கொடுத்து அதிகாரியிடம் கொடுக்கச் சொன்னாராம்.

சிறைவாசம், பிறகு அடைத்துவைத்த நிலத்தில் வாழ்க்கை. கொஞ்ச நாள் ஒரு குதிரைச் சர்க்கஸ்காரனோடு ஊர் ஊராகப் போய் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பிறகு பட்டினியால் வாடிய ஜனங்களிடையே ஒரு புது நடனம் பரவியது. அதை ஆடினால் செத்தவர்கள் வருவார்கள், எருமைகள் வரும், வெள்ளையர் போய்விடுவார்கள் என்று நம்பினார்கள். அங்கே இருந்த அரசாங்க அதிகாரி பயந்தான். இந்தத் தலைவரைப் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று லகோட்டாப் போலீசை அனுப்பினான். டிசம்பர் மாதத்து விடிகாலையில் வந்து அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பினார்கள். முதலில் வருகிறேன் என்றவர், வெளியே தன் ஆட்கள் கூடியதும் வரமாட்டேன் என்றார். சுட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்த அந்த மகனையும் அன்றைக்கே வீட்டுக்குள் வைத்துச் சுட்டார்கள்.

செத்த பிறகும் விடவில்லை. அறுபது வருடம் கழித்து வேறோர் ஊர்க்காரர்கள் அவருடைய உறவினர்களோடு வந்து எலும்பைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய், தங்கள் பக்கத்தில் புதைத்து, யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி சிமெண்டைக் கொட்டினார்கள். பழைய ஊர்க்காரர்கள், எலும்பு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, அவர்கள் எடுத்துப்போனது வேறு யாருடையதோ என்றார்கள். சிலைக்காகவும் பெயர்ப்பலகைக்காகவும் ஊர்கள் வெட்டிக்கொள்ளும் மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

மொத்தம் படித்து முடிக்க ஏழெட்டு மாதமானது. படிக்கும்போதெல்லாம் அந்தப் போலீஸ்காரர்களுக்கு என் மச்சானின் முகத்தைப் போட்டுக்கொண்டேன். அவர் இதற்கிடையில் ஏட்டாகிவிட்டார். வீட்டு விசேஷங்களில் பார்த்துக்கொள்வோம். "வாங்க மாப்பிள்ளை" என்பார். "ஆங்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

அந்தத் தலைவர் இறந்து நூறு வருடம் நிறைகிற டிசம்பர் வந்தது. எனக்கு ஒரு நண்பர். லேத் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற குரல். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை அவர் பட்டறையில் உட்கார்ந்து புத்தகம் பேசுவோம். நான் இந்தக் கதையைச் சொன்னதும் அவர்தான் முதலில் கேட்டார்.

"அண்ணாச்சி, நூறு வருசம் ஆகுதுன்னா நாம ஒரு படத்திறப்பு வைப்பமே. கூட ஒரு நாடகம். நான் தலைவரா நடிக்கேன்."

"வைப்போம். ஆனா ஸ்ரீவில்லிபுத்தூர்ல வைக்கணும்."

"எதுக்கு? நம்ம ஆளு பூராம் இங்கதான இருக்கு?"

"அங்க புத்தகம் படிக்கிறவங்க அதிகம்" என்றேன். பொய். அங்கே என் மச்சானின் ஸ்டேஷன் இருந்தது.

நாடகத்தை நான் எழுதினேன். முக்கால் மணி நேர நாடகம். போலீஸ்காரர்களுக்கு நீல உடை என்று புத்தகத்தில் இருந்தது. நான் காக்கி என்று எழுதினேன். போலீஸ் தலைவன் பேசுவதற்கு முன் இரண்டு கட்டைவிரலாலும் பெல்ட்டை மேலே இழுத்துவிட்டு, "சட்டம்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?" என்று தொடங்குவான் என்று எழுதினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சானிடம் ஒருமுறையாவது மாட்டியவர்களுக்கு அந்தப் பேச்சு தெரியும். அந்த வேடத்தை நானே எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி ஒருநாள் சமையலறையில் வைத்து அந்த நோட்டைப் படித்துவிட்டாள். நான் வேலை முடிந்து வந்தபோது நோட்டு மேசைமேல் விரித்தபடி கிடந்தது.

"இது எங்க அண்ணன் பேசுதது" என்றாள்.

"அமெரிக்காவுல நடந்த கதை."

"அமெரிக்காவுலயும் எங்க அண்ணன் மாதிரியேதான் பெல்ட்ட இழுத்துவிடுவானாக்கும்."

நான் நோட்டை மூடினேன்.

"அந்தப் போலீசுக்காரங்க வீட்டுல பொம்பளைக இல்லையா? அவிய பிள்ளைக எல்லாம் எங்க போச்சு? அதப் பத்தி ஒரு வரி எழுதலையே நீங்க."

"கதை அவனுகளப் பத்தி இல்ல."

"எனக்கு என்னமோ கதையே அவியளப் பத்தித்தான்னு தோணுது" என்றாள். பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி வாங்க நானும் நண்பரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அந்தச் சமயத்தில் தலைவர்கள் படம், கொடி, தட்டி எதுவானாலும் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். யார் படத்துக்கு யார் மாலை போட்டார்கள், யார் செருப்பு போட்டார்கள் என்பதில்தான் எங்கள் பக்கத்தில் கலவரமே தொடங்கும். இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்தார். ரைட்டர் மேசைக்குப் பக்கத்தில் மச்சான் நின்றிருந்தார்.

"யாருய்யா இது?"

"அமெரிக்காவுல ஒரு பூர்வகுடித் தலைவர் சார்."

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல சார். செத்து நூறு வருசம் ஆச்சு."

"இங்க எந்தச் சாதிக்காரன் இவரக் கொண்டாடுதான்?"

"யாரும் இல்ல சார்."

"யாரும் கொண்டாடாத ஆளுக்கு எதுக்குய்யா படத்திறப்பு?"

நண்பர் பொறுமையாக விளக்கினார். இன்ஸ்பெக்டருக்குப் பாதி புரிந்தது. ஊர்வலம் கூடாது, வெளியே ஒலிபெருக்கிக் குழாய் கட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு மச்சான் பக்கம் திரும்பினார்.

"ஏட்டு, இவரு உமக்குச் சொந்தமாமே. என்ன நாடகம், உள்ள வில்லங்கம் எதும் இருக்கான்னு விசாரிச்சு வையும்."

மச்சான் சல்யூட் அடித்தார். நாங்கள் வெளியே வந்து டீக்கடைக்கு முன்னால் நின்றபோது பின்னாலேயே வந்தார்.

"ராஜபாளையத்துல மண்டபமே இல்லையா மாப்பிள்ளை?"

"இருக்கு."

"பொறவு எதுக்கு இங்க?"

"பாக்கவேண்டியவங்க இங்கதான் இருக்காங்க."

என்னைப் பார்த்தார். ஸ்டேஷனுக்குள் திரும்பிப் போய்விட்டார்.

படத்தை ராஜபாளையத்தில் கடைப்பலகை எழுதுகிறவர் ஒருவர் வரைந்தார். இரண்டு சடை, ஒற்றை இறகு, பள்ளம் விழுந்த கன்னம். நன்றாகவே வந்தது. அதையே எங்கள் அச்சகத்தில் போஸ்டராக அடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒட்டினோம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஒரு தெருவில் இருந்த அத்தனை போஸ்டரிலும் முகத்தில் சாணி அப்பியிருந்தது. அந்தத் தெருக்காரர்கள் இது எதிர்த்தெருக்காரர்களின் தலைவர் என்று நினைத்துவிட்டார்கள். எதிர்த்தெருக்காரர்களோ, இவர்கள் சாணி அடித்ததைப் பார்த்துவிட்டு, யார் இந்தத் தலைவர், நம்மவரா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் வருத்தப்பட்டார். வாளியில் தண்ணீர் வாங்கிக் கழுவப் போனார். நான் தடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சாணி எனக்குப் பிடித்திருந்தது. எதிரி இருக்கிற கூட்டம்தான் கூட்டம் என்று அப்போது நினைத்தேன்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. மழை பிடித்துக்கொண்டது. இருந்தும் சின்ன மண்டபத்தில் எண்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள். மச்சான் வெள்ளைச் சட்டை, வேட்டியில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அவர் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் பெண்கள் பக்கம் என் மனைவியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை என் மனைவி அழைத்திருந்தாள். ஏன் அழைத்தாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் நான் அடக்கி வாசிப்பேன் என்று நினைத்திருக்கிறாள்.

படத்தைத் திறந்தோம். ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். நாடகம் தொடங்கியது. நண்பரின் குரலுக்கு மண்டபம் அடங்கிப்போனது. மகன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்புகிற இடத்தில் முன்வரிசையில் ஒரு மில் தொழிலாளி துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

பிறகு நான் காக்கியில் மேடை ஏறினேன். கட்டைவிரலால் பெல்ட்டை இழுத்துவிட்டு, "சட்டம்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?" என்றேன். அழவைக்க வேண்டிய காட்சி. கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "ஏலே, நம்ம ஏட்டையால்லா" என்றான். சிரிப்பு இன்னும் கூடியது. நான் நிறுத்தியிருக்கலாம். எழுதாத வசனத்தையும் சேர்த்துப் பேசினேன். அவர் நடப்பது போல வலது காலைக் கொஞ்சம் அகட்டி நடந்தேன். அவர் மகள் எழுந்து மழையில் வெளியே போனதை மேடையிலிருந்து பார்த்தேன். பார்த்த பிறகும் நடந்தேன்.

நாடகம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் நண்பர் மேடையில் நின்று, யாராவது கருத்துச் சொல்வதென்றால் சொல்லலாம் என்றார். மூன்றாவது வரிசையில் மச்சான் எழுந்தார்.

"ஒரு சந்தேகம். அன்னைக்குக் காலையில மொத்தம் எத்தன பேரு செத்தாங்க?"

நண்பர், "தலைவரும் அவங்க மகனும், கூட இருந்த ஆளுகளும்" என்றார்.

"போலீசுல?"

நண்பர் என்னைப் பார்த்தார்.

மச்சான் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். நாடகத்தை விசாரிக்கச் சொன்னதும் அவர் போலீஸ் வழியில் விசாரித்திருக்கிறார். நூலகத்துக்குப் போய், நான் எடுத்த புத்தகம் எது என்று கேட்டு, அதையே வாங்கி, மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"ஆறு போலீசுக்காரன் செத்திருக்கான். நாலு பேரு அங்கனயே. ரெண்டு பேரு குண்டு பாஞ்சு பொறவு செத்தான். முதல் குண்டு போலீசு போட்டது இல்ல. தலைவரோட ஆளு ஒருத்தன் போட்டது. செத்தவனெல்லாம் லகோட்டாக்காரன்தான். அவிய பொண்டாட்டிகளும் அங்கதான் விழுந்து அழுதிருக்காங்க. எல்லாம் இந்தப் புத்தகத்துலதான் இருக்கு. மாப்பிள்ளை நாடகத்துல இல்ல. ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. நான், "அது நாடகத்துக்குத் தேவையில்ல" என்றேன்.

நண்பர் தலைவர் வேடத்தோடு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, ஒங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குச் சொல்லலையே நீங்க."

மச்சான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் மனைவி குடையோடு பின்னால் போனாள். நண்பர் தலையில் கட்டியிருந்த இறகைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நன்றியுரை சொல்ல வேண்டிய ஆள் சொல்லவே இல்லை. வந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மச்சான் ராஜபாளையத்தில் என் வீட்டு வாசலில் நின்றார். என் மனைவி "வாங்கண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரவில்லை. காப்பி கொண்டுவந்தாள். வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"நேத்துலருந்து எம் மக சாப்பிடல" என்றார் என்னிடம். "காலேஜுக்குப் போகமாட்டேங்கா."

"நான் உங்க மகளக் கூப்பிடல."

"என்னைத்தான கூப்பிட்ட? மாப்பிள்ளை, ஒன்னு கேக்கேன். ஒனக்கு அந்தக் கை முறிஞ்சதுதான காரணம்?"

"ஆமா."

"அப்ப கேட்டுக்கோ. அடிச்சது நான்தான்."

என் மனைவி கையிலிருந்த தட்டு சுவரில் இடித்தது.

"அண்ணே, எந் தலையில கைவச்சுச் சொன்னீங்களே."

"பொய் சொன்னேன் தாயி. ஒனக்காகச் சொன்னேன். இப்ப சொல்லுதேன், அடிச்சேன். அடின்னாங்க, அடிச்சேன். அன்னைக்கு எங் கண்ணுக்கு மாப்பிள்ளையாத் தெரியல. கேட்டுக்கு முன்னால நின்ன கூட்டத்துல ஒருத்தன். அம்புட்டுத்தான்." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா நீ நேத்து அடிச்சது கூட்டத்துல ஒருத்தன இல்ல. எம் பேரு, என் நடை, எம் பொண்டாட்டி, பிள்ள எல்லாம் தெரிஞ்சு என்னைய அடிச்ச. யாரும் ஒன்னைய அடிக்கச் சொல்லல."

நான் என் கையைக் காட்டி ஏதோ சொன்னேன். வேலை போனதைச் சொன்னேன். என் குரல் மட்டும் கூடிக்கொண்டே போனது. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் போன பிறகு என் மனைவி ஆறிப்போன காப்பியை முற்றத்தில் கொட்டினாள்.

"ரெண்டு பேரும் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டிய" என்றாள். "இந்தா நாலு வருசமா ரெண்டு பேரும் எங்கிட்டச் சொல்லாம வச்சிருந்திருக்கிய. நான் ஒருத்திதான் ரெண்டு பேரையும் நம்பிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

அன்றிலிருந்து அவள் மச்சானைப் பற்றி என்னிடமோ, என்னைப் பற்றி மச்சானிடமோ ஒரு வார்த்தை நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. அண்ணன் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போவாள், வருவாள். நான் கேட்கமாட்டேன்.

நண்பர் ஒரு மாதம் பட்டறைக் கூட்டத்தை நடத்தவில்லை. பிறகு ஒருநாள் அச்சகத்துக்கு வந்தார். செத்த ஆறு போலீஸ்காரர்களையும் நாடகத்தில் சேர்த்தால் மட்டும் ராஜபாளையத்தில் இன்னொரு முறை போடலாம் என்றார். நான் முடியாது என்றேன். "அப்ப நான் எழுதிக்கிடுதேன்" என்றார். அவருக்கு எழுத வராது என்று எனக்குத் தெரியும். தப்புந்தவறுமாக எழுதிக்கொண்டு வந்து காட்டுவார், அதைப் பார்க்கச் சகிக்காது. கடைசியில் நானே எழுதினேன். பிரேதங்களை வண்டியில் ஏற்றும் காட்சி. செத்த போலீஸ்காரர்களின் சொந்தக்காரர்கள் தலைவரின் உடலைக் காட்டி, இவனை எங்கள் ஆட்களோடு ஒரே வண்டியில் ஏற்றாதே என்று சண்டை போடுவார்கள். அதுவும் புத்தகத்தில் இருந்ததுதான். போலீஸ்காரர்களை மரியாதையோடு புதைத்தார்கள், தலைவரைச் சத்தமில்லாமல் ஒரு மூலையில் புதைத்தார்கள். அதையும் எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். பழைய நாடகத்தைவிட இதுதான் நன்றாக இருந்தது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த கோடையில் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போட்டோம். நான் நடிக்கவில்லை. போலீசுக்கு நீல உடைதான். மச்சானுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பலாமா என்று என் மனைவி கேட்கவும் இல்லை.

பிற்பாடு எங்களுக்குப் பிறந்த மகளுக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடி வேண்டியிருந்தது. மச்சான் வந்தார். பட்டுப் பாவாடை, கம்மல், வாழைத்தார் எல்லாம் தட்டில் வைத்து முறையாகக் கொண்டுவந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி குத்தும்போது அது வீறிட்டது. அவர் அதன் காதருகில் ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். நான் மூன்றடி தள்ளி நின்றேன். போட்டோகிராபர் எங்கள் இரண்டு பேரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். நின்றோம். அந்தப் போட்டோவில் இரண்டு பேரும் கேமராவைப் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெரிய மோதல்கள் வந்தன. ஓர் ஊரில் பந்தோபஸ்துக்குப் போன மச்சானின் நெற்றியில் கல் விழுந்து மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செய்தி அச்சகத்துக்குத்தான் வந்தது. கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வந்தது திருப்திதான். அதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

மனைவியோடு மதுரைக்குப் போனேன். தலை முழுக்கக் கட்டு. வலது கண் வீங்கி மூடியிருந்தது. அவள் டாக்டரிடம் பேசப் போனதும் வார்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் திறந்திருந்த கண்ணால் என்னைப் பார்த்தார்.

"எறிஞ்சவன் எங்கூடப் படிச்சவன் மகன்" என்றார். "பாத்தேன்."

"அறிக்கையில எழுதுனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அது எம்பாடு. அத வச்சு நாடகம் போட்றாத."

"போடமாட்டேன்" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஸ்டூலை இழுத்து அதே இடத்தில், என் மனைவி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். கண் பிழைத்துவிட்டது. அவர் பணி முடிந்து ஓய்வுபெற்று ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறார். விசேஷ வீடுகளில் பார்த்துக்கொள்கிறோம். "வாங்க மாப்பிள்ளை" என்கிறார். இன்றைக்கும் நான் அவரை மன்னிக்கவில்லை. அவர் என்னை மன்னித்ததாகவும் எனக்குத் தெரியவில்லை.